நாலு வாய், ஒரே அளவு

அந்த உதிரிபாகக் கடையில் கிடைக்காத சரக்கு ஒன்றே ஒன்றுதான்: 'தெரியாது'. அப்பா காலத்திலிருந்தே அப்படி. பதில் தாமதித்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைப் படியில் நிற்பார். பொருள் இல்லையென்றால் "சாயங்காலம் வந்துரும்" என்பார் கடைக்காரர். விலை மறந்துபோனால் "உங்களுக்கு நான் என்ன சொல்றது, நீங்களே சொல்லுங்க" என்பார். இப்படியே சொல்லிச் சொல்லி, தெருவிலுள்ள மற்றக் கடைக்காரர்களும் முட்டிக்கொண்டால் அவரைத்தான் கேட்பார்கள் என்கிற அளவுக்குப் பெயர் வளர்ந்திருந்தது.

அன்று மதியம், கிளட்ச் தட்டு ஒன்றுக்கு நடந்த பேரத்தில் ஜெயித்த களைப்போடு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, உங்க மாப்பிள்ளை ஒருவழியா சிரிச்ச முகத்தோட பட்டறைக்குப் போனாரு. அந்தத் தண்ணி லாரி எஞ்சினுக்கு அளவு கிடைச்சிருச்சாம்."

"நான்தானே சொன்னேன்."

"நீங்க மட்டும் சொன்னா அவரு நம்புவாரா? உங்களைப் பத்தி அவருக்குத் தெரியாதா? இன்னும் மூணு கடையில விசாரிச்சாரு. மூணு பேரும் அதையே சொல்லிட்டாங்களாம். இன்னைக்கு எஞ்சினை மெஷின்ல ஏத்தி சிலிண்டரை வெட்டறாரு."

பிசைந்த கவளம் கையிலேயே நின்றது. அந்த மூன்று கடைகளும் எவை என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையே இல்லை.

லாரி அரதப் பழசு. அதைச் செய்த கம்பெனி மூடிப் பல காலம். அதன் கையேடு என்று போனில் அகப்பட்டவை இரண்டு. இரண்டும் ஒன்றையொன்று பொய்யன் என்றன. அப்போதுதான் மாப்பிள்ளை கடைக்குப் போன் போட்டுக் கேட்டான்: "மச்சான், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல எத்தனை தவ் விடணும்?" ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு தவ். எதிரே ஒரு வாடிக்கையாளர் காது கொடுத்து நின்றிருந்தார். "ஆறு" என்றார் கடைக்காரர், விலை சொல்கிற தோரணையில். ஏன் ஆறு? எதிர்ச்சுவர்க் காலண்டரில் அன்று ஆறாம் தேதி. அதைத் தவிர வேறு காரணம் அவருக்கே இன்றுவரை அகப்படவில்லை.

பிறகு கேஸ்கெட் கடைக்காரர் கேட்டார், பேரிங் கடைக்காரர் கேட்டார், சந்துக்கடைப் பெரியவர் கேட்டார். யாருக்காகக் கேட்கிறார்கள் என்று அவரும் விசாரிக்கவில்லை. "ஆறுதான், கண்ணை மூடிட்டுச் சொல்லுங்க" என்றார். முதல் தடவை சொன்னபோது அது உளறல். நாலாவது தடவை சொன்னபோது அவருக்கே அது உண்மையாகிவிட்டது.

இப்போது அவர் கூப்பிட்டால் மாப்பிள்ளையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது; எடுப்பாரில்லை. மெஷின் ஓடுகிறது என்று அர்த்தம். அரைகுறையாகக் கையைக் கழுவிக்கொண்டு ஓடினார்.

பட்டறையில், கவிழ்த்த டிரம்மின் மேல் தண்ணி லாரிக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு வண்டியை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. மெஷினில் எஞ்சின் பிளாக். நாலு சிலிண்டரில் ஒன்று மட்டும் புதுப் பாத்திரம் போல மின்னியது.

"வாங்க மச்சான். உங்க ஆறுதான், பாருங்க. கடைசி வெட்டு இது. இதுக்கு மேல சீவினா பிளாக் தகடாயிரும்."

"மெஷினை நிறுத்து, மாப்பிள்ளை."

"ஏன்?"

சொல்ல வாய் வரவில்லை. பொய் சொல்ல ஒருநாளும் சண்டித்தனம் பண்ணாத நாக்கு. "அந்த மூணு கடைக்கும் போன் போட்டு, உங்களுக்கு யார் சொன்னதுன்னு கேளு" என்றார்.

மாப்பிள்ளை அவரை ஒருமாதிரி பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"வேற யாரு, உங்க மச்சான்தான்" என்றார் பேரிங் கடைக்காரர். "அவருக்குத் தெரியாததா?"

"உங்க மச்சான்தான்" என்றார் கேஸ்கெட் கடைக்காரரும். "ஏன், இப்ப ஏழுங்கறாரா? நான் மாத்திச் சொல்லிடறேன்."

மூன்றாவது நம்பரை மாப்பிள்ளை அழுத்தவில்லை. "உங்களுக்கு யாரு சொன்னது, மச்சான்?"

கடைக்காரர் தரையில் கிடந்த இரும்புத் துருவலைக் காலால் ஒதுக்கினார்.

"என்ன ஆச்சு?" என்று எழுந்தாள் லாரிக்காரம்மா.

"என் தப்புக்கா" என்றான் மாப்பிள்ளை. "அளந்து பார்த்திருக்கணும். நாலு பேர் ஒண்ணாச் சொல்லவும் அளக்கத் தோணல."

சும்மா இருந்தால் போதும், பழி அவன் தலையோடு போய்விடும். வியாபாரப் புத்தி அதைக் கணக்குப் போட்டும் காட்டியது. தங்கை முகம் குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்தது.

"அவன் தப்பில்லம்மா. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

அவள் அந்த மின்னும் சிலிண்டரை எட்டிப் பார்த்தாள். "கத்தரிக்காய்க்குச் சொத்தை பார்க்கறவ நான். இதுக்குப் போய் உங்க வாயைப் பார்த்து உட்கார்ந்துட்டேன்" என்றாள்.

மாப்பிள்ளை வெட்டாத சிலிண்டர் ஒன்றின் அடிவிளிம்பைத் துடைத்தான். அங்கே பிஸ்டன் ரிங் உரசாது. முன்பு வெட்டியவன் விட்ட அளவு அப்படியே இருக்கும். அளந்தான். பழைய பிஸ்டனை அளந்தான். அதன் தேய்மானத்தையும் கழித்துப் பார்த்தான். "மூணு. மிஞ்சிப்போனா மூணரை."

"அப்ப வெட்டினது?"

"வெட்டினது ஒட்டாதுக்கா. அதுல மட்டும் உள்ளே ஸ்லீவுன்னு ஒரு இரும்புக் குழாய் இறக்கணும். அதுக்கு இடம் விட இன்னும் கொஞ்சம் சீவணும்."

"சுவர் தாங்குமா?" அவள் கேட்டது, பழக்க தோஷம், கடைக்காரரைப் பார்த்து.

'கல்லு மாதிரி நிக்கும்' என்ற பதில் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினார்.

"தெரியாதும்மா."

அவர் போன் அடித்தது. கேஸ்கெட் கடைக்காரர். "ஆறா ஏழா, சட்டுனு சொல்லுங்க. இங்க வெளியூர்க்காரர் ஒருத்தர் இதே எஞ்சினுக்குக் கேட்டு நிக்கறாரு."

"எனக்குத் தெரியாது. அந்த ஆறும் பொய்."

மறுமுனையில் சிரிப்பு. "உங்களுக்கா தெரியாது? பக்கத்துல பெரிய பார்ட்டி யாரும் நிக்கறாரா, மறைச்சுப் பேசறீங்க? சரி, ஆறுன்னே சொல்லிடறேன்." வைத்துவிட்டார்.

திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கடைக்காரர் தெருவில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல், கேஸ்கெட் கடையைப் பார்த்து ஓடினார்.