காருக்குள் மழை பெய்த விவரம்

தஸவ்வர் ஹுசைனின் வாடகைக் காருக்குள் மழை பெய்யத் தொடங்கியது ஒரு நவம்பர் மாத வியாழக்கிழமை, மதியத் தொழுகை முடிந்து அவர் வண்டியை எடுத்தபோது. வெளியே வெயில் அடித்தது. குளிர் தேசத்தில் இருக்கும் எங்கள் ஊர் கிரெல்டனில் நவம்பரில் வெயில் அடிப்பதே அதிசயம் என்பதால், காருக்குள் பெய்த மழையை முதலில் யாரும் கவனிக்கவில்லை. உட்கூரைத் துணியிலிருந்து சன்னமான தூறலாக விழுந்து, ஸ்டியரிங்கை நனைத்து, அவர் மடியில் தேங்கியது. நல்ல குளிர்ந்த மழை.

அதற்கு இரண்டு நாள் முன்பு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் வாடகை வண்டி இரண்டு ரகம். தலையில் விளக்கு வைத்த கறுப்பு வண்டி, தெருவில் யார் கை காட்டினாலும் ஏற்றலாம். தஸவ்வருடையது போன்ற சாதாரணக் கார், பின்னால் நகராட்சி உரிமத் தகடு மாட்டியிருந்தாலும், டாக்ஸி ஆபீஸுக்கு போன் செய்து புக் பண்ணியவரை மட்டும்தான் ஏற்றலாம். கை காட்டியவரை ஏற்றினால் இன்ஷூரன்ஸ் செல்லாது, யார் யாரை ஏற்றினார் என்ற தடயமும் இருக்காது. அதனால் அந்த விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நகராட்சி அதைக் காப்பாற்றிய விதம் இருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். தன் ஆட்களுக்கே பயணி வேஷம் போட்டு மழையில் நிறுத்தும். சுமக்க முடியாத பைகளோடு நிற்பார்கள். நொண்டுவார்கள். ஏற்றினால் டிரைவரின் கழுத்திலிருந்து உரிம பேட்ஜ் போய்விடும். டிரைவர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் ‘சோதனை’. தஸவ்வரின் மச்சான் கஸன்ஃபர், அழுதுகொண்டு நின்ற ஒரு சோதனைக்கு மனமிரங்கி நிறுத்தியவர். இப்போது ஊருக்கு வெளியே கோழித் தொழிற்சாலையில் குளிரறைக்குள் கோழிக்கால் வெட்டுகிறார், விரல்கள் மடங்குவதில்லை. அந்த விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் தஸவ்வர் தன் பேட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ரயில் பாலத்தைத் தாண்டிக் கூரையில்லாத பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கை காட்டினாள். மழை கொட்டியது. தஸவ்வர் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கினார்.

“ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க. போன்ல சார்ஜ் இல்ல.”

அவர் மேலும் கீழும் பார்த்தார். ஒரு காலில் ஷூ இல்லை. இந்த வேஷம் கொஞ்சம் அதிகம் என்று அவருக்குப் பட்டது.

“நல்லா நடிக்கிறீங்க மேடம்,” என்று சிரித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார். போனவர் சும்மா போகவில்லை. வண்டியிலிருந்த வயர்லெஸ் ரேடியோவில் மற்ற டிரைவர்கள் எல்லோருக்கும் சொன்னார்: “பாலத்துக்கிட்ட சோதனை நிக்குது, பாத்துக்கோங்கப்பா.” அதன் பிறகு அந்த வழியாக வந்த வண்டி ஒவ்வொன்றும் அவளைத் தாண்டிப் போனது. இன்னொரு டிரைவர் சாபிர் ஹாரன் அடித்து டாட்டா காட்டினார்.

அவள் பெயர் பெத்தனி, பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்ப்பவள். கடைசியில் பஸ்தான் அவளை ஏற்றியது. அவள் பிழைத்தாள், வயிற்றிலிருந்த குழந்தை பிழைக்கவில்லை. தஸவ்வரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, சட்டப்படி அவர் செய்தது சரி.

மழை பெய்யும் வண்டியை நகராட்சிப் பட்டறைக்கு வரவழைத்தார்கள். உரிம அதிகாரியம்மா ஜில் ஹாக்ஸ்வொர்த், எப்போதும் பச்சை ரப்பர் பூட்ஸ் போடுகிறவர், குடையோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். கூரையில் ஓட்டை இல்லை. “டயர் தேஞ்சிருக்கக் கூடாது, சீட் கிழிஞ்சிருக்கக் கூடாது, விளக்கு எரியணும். மழையைப் பத்தி விதியில ஒண்ணுமில்ல,” என்று சொல்லித் தகட்டைப் புதுப்பித்துக் கொடுத்தார். ஜன்னலில் ‘உள்ளே மழை’ என்று எழுதி ஒட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அப்படியே நான்கு குளிர்காலம் ஓடியது. ஆபீஸில் போன் எடுக்கும் மவ்ரீன், எல்லோரையும் கண்ணு என்று கூப்பிடுகிற கிழவி, கேட்டுக் கேட்டுப் புக் பண்ணினாள்: “மழைக்கோட்டு இருக்கா கண்ணு? அப்ப தஸவ்வரை அனுப்பறேன்.” சாபிர், “உள்பக்கமும் வைப்பர் மாட்டிக்கோ பாய்,” என்று கிண்டல் செய்தார். இமாம் முன்சீட்டில் உட்கார்ந்து ஓதினார், தாடி நனைந்ததுதான் மிச்சம். பயணிகள் பத்து நிமிடம் நனைந்து இறங்கிப் போனார்கள், தஸவ்வர் நாளெல்லாம் நனைந்தார். சீட்டில் பாசி பிடித்தது. இருமல் நெஞ்சிலேயே குடியேறியது. ஈர வாடை தாங்காமல் மனைவி நுஸ்ரத் படுக்கையை அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். வண்டியை விற்கப் பார்த்தார், வாங்குவார் இல்லை. வேறு வண்டி வாங்கினார், அதற்குள்ளும் பெய்தது. பாவம், மனுஷன் உடைந்துபோனார்.

ஒருநாள் பெத்தனி வீட்டுக் கதவைத் தட்டினார். அவள் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அவர் சட்டையிலிருந்து வாசற்படியில் தண்ணீர் சொட்டியது.

“நான் நடிக்கல,” என்றாள்.

“தெரியும்மா.”

“அன்னிக்குத் தெரியலியே.” கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஐந்தாவது நவம்பரில், வெளியேயும் மழை கொட்டிய ஒரு சாயங்காலம், ரேடியோவில் சாபிர் குரல் வந்தது. “பாய், பாலத்துக்கிட்ட சோதனை நிக்குது. ஜில்லேதான். பச்சை பூட்ஸைக்கூடக் கழட்டாம வந்திருக்கு. நிறுத்திடாதீங்க.”

தஸவ்வர் பார்த்தார். அதே நிறுத்தம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பச்சை பூட்ஸோடு ஜில் ஹாக்ஸ்வொர்த் கை காட்டினார். தஸவ்வருக்குக் கஸன்ஃபரின் விரல்கள் ஞாபகம் வந்தன. பேட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு நிறுத்தினார்.

“நான் புக் பண்ணலியே,” என்றார் ஜில். அப்படிச் சொல்லிப் பார்ப்பதும் அவர் வேலையில் சேர்ந்ததுதான்.

“பரவால்ல. ஏறுங்க மேடம்.”

கதவைச் சாத்தியதும் காருக்குள் மழை நின்றது. குழாயைத் திருகி மூடியதுபோல் நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கும்போது ஜில், குடையை விரிக்காமலேயே கேட்டார்: “என் பூட்ஸைப் பாத்தீங்கல்ல. அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?”

“போன தடவை ஷூவை நல்லா உத்துப் பாத்துட்டுத்தான் ஏத்தாமப் போனேன் மேடம்.”

ஜில் குடையை விரித்தார். பிறகு தன் கடமையைச் செய்தார். நகராட்சி உரிமக் குழு கூடியது. தஸவ்வர் உரிமத்துக்குத் தகுந்த ஆள் அல்ல என்று முடிவானது. பட்டறையில் தகட்டின் திருகுகளைக் கழற்றினார்கள், பேட்ஜை அவரே கழற்றிக் கொடுத்தார். உள்ளே மழை நின்றதைக் கவனித்த பட்டறைக்காரர், ‘உள்ளே மழை’ ஒட்டுத்தாளையும் ஒழுங்காகச் சுரண்டி எடுத்தார்.

தஸவ்வர் வண்டியைக் கொண்டுபோய்ப் பாலத்தருகே, கூரையில்லாத நிறுத்தத்தை ஒட்டி விட்டார், கதவைப் பூட்டவில்லை. இன்றுவரை அங்கேதான் நிற்கிறது. ஊரே நனையும்போது அந்தக் கார் மேல் மட்டும் ஒரு சொட்டு விழுவதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதில் ஏறி உட்காருகிறார்கள். உரிமம் இல்லாமல் ஆள் ஏற்றுகிறது என்று யாரோ புகார் கொடுத்தார்கள். நகராட்சி விசாரித்து, நகராத வண்டிக்கு உரிமம் தேவையில்லை என்று விட்டுவிட்டது. பெத்தனி இரண்டு முறை பின்சீட்டில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

தஸவ்வர் இப்போது மச்சானுக்குப் பக்கத்தில் நின்று கோழி வெட்டுகிறார். தினமும் காலையில் அந்த வழியாக நடந்துதான் போகிறார். மழை நாளில் உள்ளே இருப்பவர்கள் கண்ணாடியைத் தட்டி, “ஏறுங்க பாய், இப்பிடி நனையறீங்களே,” என்று கூப்பிடுவார்கள்.

“நான் புக் பண்ணலியேப்பா,” என்று சொல்லிவிட்டு, காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு அவர் நடந்து போய்விடுவார்.