நாலு பீப்

வீடுகளுக்கு பேட்டரி பேக்கப் யூனிட் விற்கும் ஒரு கம்பெனியின் உதவி மையத்தில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. கரண்ட் போனாலும் விளக்கும் கம்ப்யூட்டரும் அணையாமல் பார்த்துக்கொள்ளும் பெட்டி அது. அது ஏன் கத்துகிறது என்று கேட்டுத்தான் பாதிப் பேர் கூப்பிடுவார்கள். சிலருக்கு விளக்கிச் சொல்லக்கூடப் பொறுமை இருக்காது. போனைப் பெட்டியின் முன்னால் நீட்டிவிடுவார்கள். அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பேட்டரி முடிஞ்சுபோச்சு சார்" என்பாள். இல்லாவிட்டால், "அயர்ன் பாக்ஸை அதுல சொருகியிருக்கீங்களா?" என்பாள். சொருகியிருப்பார்கள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பீப் அக்கா.

ஒரு வருடமாக அந்தப் பெயரை யாரும் அவள் காதுபடச் சொல்வதில்லை.

போன வருடம் அவளுடைய அம்மா இறந்துபோனாள். நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு, ஆக்சிஜன் மெஷினை நம்பி இருந்தவள். வேறு ஊரில் தம்பியின் வீட்டில் இருந்தாள். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடக் கூடாது என்று, மகள்தான் தன் கம்பெனியிலேயே பெரிய யூனிட்டாகப் பார்த்து வாங்கி, காரில் கொண்டுபோய், அம்மா அறைக்கும் தம்பி அறைக்கும் நடுவிலிருந்த நடையில் தன் கையாலேயே மாட்டிவிட்டு வந்தாள். மெஷினை நாலு மணி நேரம் தாங்கும் யூனிட்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தத் தெருவில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. தம்பிக்கு அச்சகத்தில் ராத்திரி ஷிப்ட். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவன். எழுந்து வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"உன் யூனிட் வேலை செய்யலக்கா" என்றான் போனில். "ஒரு சத்தம்கூடக் கொடுக்கல."

சாவு வீட்டில் சித்தி நாலு பேர் காதுபடச் சொன்னாள்: "விவரம் தெரிஞ்ச பொண்ணு வாங்கிக் கொடுத்ததாச்சேன்னு நம்பினோமே கண்ணு." திட்டக்கூட இல்லை. அழுதுகொண்டுதான் சொன்னாள். அதனால் பதில் சொல்லவும் வழியில்லை.

யூனிட்டைக் கொடு, எங்கள் இன்ஜினியர்களிடம் காட்டுகிறேன் என்று தம்பியைக் கேட்டாள். ஆத்திரத்தில் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னான். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. நாமும் அவன் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்போம் என்று நினைத்து அவனைத் தேற்றினாள். அவன் அவள் தோளில் சாய்ந்து அழுதான்.

அதற்குப் பிறகு அவள் ஒழுங்காகத் தூங்கியதில்லை. முழு சார்ஜ் ஏறியதைப் பார்த்தோமா? அலாரத்தை நாமே தெரியாமல் அணைத்துவிட்டு வந்தோமா? மாட்டிய அன்று செய்ததை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்ப்பாள். நடுவில் ஒரு இடம் எப்போதும் மங்கலாக இருக்கும். தப்பு அங்கேதான் நடந்திருக்கும் என்று தோன்றும். வேறு வேலை பார் என்று கணவர் சொன்னார். அவள் கேட்கவில்லை. முன்பெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிக்கும் அழைப்பைப் பத்து நிமிடம் பேசினாள். வைப்பதற்கு முன், "வீட்ல உடம்பு முடியாதவங்க யாராவது இருக்காங்களா?" என்று எல்லோரையும் கேட்டாள். அது கம்பெனி கேட்கச் சொன்ன கேள்வி இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை ஒரு பெண் கூப்பிட்டாள்.

"மேடம், கரண்ட் நல்லாத்தான் இருக்கு. லைட் எரியுது, ஃபேன் சுத்துது. இது மட்டும் திடீர் திடீர்னு கத்துது. மனுஷி பைத்தியமாயிடுவா போல."

"நிக்காம கத்துதா, நாலு தடவை கத்திட்டு நிக்குதா?"

"நாலு தடவை. அப்புறம் டக்குனு ஒரு சத்தம். அப்புறம் சாது மாதிரி உக்காந்துக்குது."

"வீட்ல புதுசா ஏதாவது வாங்கினீங்களா? ஃப்ரிட்ஜ், மோட்டார்?"

"ஐயோ, ஆமா! போன வாரம்தான் ஃப்ரிட்ஜ். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஃப்ரிட்ஜ் கிளம்பும்போது மின் அழுத்தம் ஒரு நொடி இறங்கும். கரண்ட் போய்விட்டதென்று பயந்து யூனிட் பேட்டரிக்குத் தாவும். தாவினால் நாலு பீப் அடிக்கும். கோளாறு ஒன்றும் இல்லை, கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி, அவ்வளவுதான். அந்தச் சிணுங்கலைக் குறைக்க, முன்பக்கத்துப் பொத்தானை ஆறு எண்ணும்வரை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். மூன்று பச்சைப் புள்ளிகள் ஒன்றாகக் குறைந்ததா என்று கேட்டாள். குறைந்தது. ஃப்ரிட்ஜை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னாள். சத்தம் இல்லை.

"இவ்வளவுதானா?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

"இவ்வளவுதான். பதிவு பண்ணிக்கணும், பின்பக்கத்துல இருக்கிற நம்பரைச் சொல்லுங்க."

சொன்ன நம்பரை அடித்ததும் திரையில் வாங்கியவரின் பெயர் வந்தது. அது அவளுடைய பெயர். எங்கோ தவறாக அடித்துவிட்டோம் என்று அழித்துவிட்டு, மறுபடி ஒவ்வொரு எண்ணாகக் கேட்டு வாங்கினாள். மறுபடியும் அதே பெயர். ஊழியர் விலை என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

பழைய இரும்புக் கடையிலிருந்து யாரோ எடுத்துச் சரிசெய்து விற்றிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். சரிசெய்ய முடிந்திருந்தால் என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். ஒரு வருடமாக அவள் தேடிய பதில்.

"இதை எங்க வாங்கினீங்க?"

"வாங்கல மேடம். எங்க வீட்டுக்காரர் அச்சகத்துல வேலை பாக்கறார், கூட வேலை செய்யறவர் சும்மாவே கொடுத்தார். பக்கத்து வீட்டுல தண்ணி மோட்டார் போடும்போதெல்லாம் இது கத்துதாம், பகல்ல கண் அசர முடியலையாம். எங்க வீட்ல இத்தனை நாள் வாயே திறக்கல. மேல ஒரு சீட்டுகூட ஒட்டியிருக்கு, 'யாரும் கை வைக்காதே'ன்னு."

அந்தச் சீட்டை எழுதியவள் அவள்தான்.

"எப்பக் கொடுத்தார்?" தன் குரல் வாடிக்கையாளரிடம் பேசும் குரலாகவே இருப்பதை அவள் கவனித்தாள்.

"போன வருஷம். என் பையனுக்கு ஸ்கூல் திறந்த மறுநாள். அன்னைக்குதான் அவன் அழுது ஊரைக் கூட்டினான், அதான் நல்லா ஞாபகம் இருக்கு."

அம்மா இறந்தது பள்ளிக்கூடம் திறந்து ஐந்து வாரம் கழித்து.

அந்த ஐந்து வாரமும் ஞாயிறுதோறும் அவள் தம்பிக்குப் போன் செய்திருக்கிறாள். யூனிட் எப்படியிருக்கிறது என்று கேட்காமல் வைத்ததில்லை. "அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு" என்பான்.

அந்த வாரக் கடைசியில் பஸ் ஏறினாள். தம்பி கதவைத் திறந்து, "என்னக்கா, சொல்லாம கொள்ளாம?" என்றான். அவள் நடையில் போய் நின்றாள். யூனிட் இருந்த இடத்தில் செருப்பு அலமாரி இருந்தது.

"யூனிட்டை யாருக்குக் கொடுத்தே?"

"இரும்புக்காரன்கிட்ட போட்டேன்னு அன்னைக்கே..."

"உன் அச்சகத்துல கூட வேலை செய்யறவரோட வீட்டம்மா எனக்குப் போன் பண்ணினா. சத்தம் வருதுன்னு. ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிக் கொடுத்தேன்."

அவன் சுவரில் சாய்ந்தான்.

"ஒரு நாளைக்கு எட்டு தடவை கத்தும்க்கா. தூங்கவே முடியல. அச்சகத்துல மெஷின்ல கை சிக்கிடும்னு பயமாயிடுச்சு. கரண்ட் அப்பல்லாம் போறதே இல்ல. போனாலும் பத்து நிமிஷம். ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணு இருந்துச்சு, எழுந்து மாத்திக்கலாம்னு நினைச்சேன்."

"எழுந்திருக்கலயே."

அவன் கண் செருப்பு அலமாரிக்குப் போனது.

"அது கத்தியிருந்தா எழுந்திருப்பே" என்றாள். அதைச் சொல்லத்தான் வந்தோமா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஏன்டா, பீப் எதுக்குன்னு கேட்டுத்தானே ஊர் உலகமே எனக்குப் போன் பண்ணுது? உனக்கு ஒரு போன் பண்ணத் தோணலையா?"

"கேட்டா நீ லெக்சர் எடுப்பே. அம்மாவைச் சரியா பாத்துக்கலன்னு நினைப்பே."

சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு நிற்பானே, அதே நிற்பு. அப்போதெல்லாம் பழியை அவள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள், கேட்காமலேயே.

"யூனிட் இருந்திருந்தாலும் அம்மா பிழைச்சிருப்பாங்களான்னு தெரியாதுக்கா" என்று முனகினான். "டாக்டரே கொஞ்ச நாள்தான்னு..."

"தெரியாது. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ஆனா என் யூனிட் வேலை செய்யலன்னு சொன்னியே, அது பொய்னு உனக்குத் தெரியும். ஒரு வருஷமா தெரியும். என் தோள்ல சாஞ்சு அழுதப்பவும் தெரியும்."

அவன் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். அவள் கை தன்னால் நீண்டது. இழுத்துக்கொண்டாள்.

"சித்திகிட்ட நீயே போய்ச் சொல்லு. அன்னைக்கு யார் யார் காதுல விழுந்துச்சோ, எல்லார்கிட்டயும் சொல்லு. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

"சொல்றேன்க்கா. அம்மா மேல சத்தியமா."

அம்மா மேல என்றது அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நம்பித்தான் பஸ் ஏறினாள்.

பத்து நாள் கழித்து சித்தியே கூப்பிட்டாள். "தம்பி வந்துட்டுப் போனான் கண்ணு. பாவம், மனசு விட்டுப் பேசினான். அந்தப் பெட்டி அடிக்கடி கெட்டுப்போச்சாமே, ரிப்பேருக்குக் கொடுத்த நேரத்துலதான் அப்படி ஆயிடுச்சாம். நீயும் மனசுல வெச்சுக்காதே. யார் என்ன செய்ய முடியும்?"

அவள் போனைப் பிடித்தபடி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். பொய்யைக்கூட அவன் தூக்கிப் போடவில்லை. கொஞ்சம் வெட்டித் தைத்து மறுபடி அவளுக்கே போட்டுவிட்டிருக்கிறான். அவள் வாங்கிக் கொடுத்த பெட்டி, கெட்டுப்போன பெட்டி.

அழைத்த பெண்ணைப் பற்றி, பள்ளிக்கூடம் திறந்த மறுநாளைப் பற்றி, தண்ணீர் மோட்டாரைப் பற்றி, ஆறு எண்ணும்வரை அழுத்தினால் தீர்ந்துவிடுகிற சத்தத்தைப் பற்றி, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சித்தியிடம் சொன்னாள்.

"எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சும்மா" என்றாள் சித்தி. "சாவுக்கு ஒரு வாரம் முன்னாடி உங்கம்மாவைப் பாக்கப் போயிருந்தேன். நடையில அந்தப் பெட்டி இருந்த மாதிரி ஞாபகம் இல்ல."

"தெரிஞ்சுமா அன்னைக்கு அப்படிப் பேசினீங்க?"

"நிச்சயமாத் தெரியாதே. அப்புறம், அவன் சொந்தக்காரங்க நடுவுல அங்கேயே இருக்கிற பையன். நாலு பேர் முன்னாடி அவன் தலை குனிஞ்சா நல்லாவா இருக்கும்?"

"நான் குனிஞ்சு நின்னேனே சித்தி, அது நல்லா இருந்துச்சா?"

சித்தி அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று மாலை அவள் சாவு வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் நினைவுக்குக் கொண்டுவந்து, தானே கூப்பிட்டுச் சொன்னாள். பதினோரு பேர். சிலர் வருத்தப்பட்டார்கள், சிலர் இப்போது எதற்கு என்றார்கள், ஒருவர் பேச்சை மாற்றினார். அதன்பின் தம்பி இரண்டு முறை வீட்டு வாசல்வரை வந்தான். கணவர் காபி கொடுத்து அனுப்பினார். அவள் உள்ளே இருந்து வெளியே வரவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் அவள் தூக்கம் திரும்பியது. தம்பி மட்டும் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை; வாசலில் வந்து நின்றாலும் அவனை ஏற்றுக்கொள்ள அவளுக்கு மனம் இல்லை.