ஜாமீன்தாரர் என்ற கட்டம்

"மொதல்ல அவளத்தான சார் கேக்கணும்? கடன் வாங்கினது அவ."

"கேட்டோம் மேடம். மூணு நோட்டீஸ் போயிருக்கு. அவங்களக் கேட்டு முடிச்சாதான் உங்ககிட்ட வரணும்னு சட்டம் இல்ல."

கள்ளக்குறிச்சி வங்கிக் கிளையின் கடன் அதிகாரி கலையரசன் இதைக் குரல் உயர்த்தாமல் சொன்னார். அந்தத் தணிவுதான் தமிழ்ப்ரியாவைப் பயமுறுத்தியது. கரியாலூர்ப் பள்ளியில் ஆசிரியை அவள். லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அபிநயா, கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கச்சிராயபாளையத்தில் தையல் யூனிட் வைத்து, எட்டு மாதமாகத் தவணை கட்டாதவள்.

"அப்ப பாதிதான சார் என் பங்கு? ரெண்டு பேரு கையெழுத்து இருக்குதே."

"பாதியெல்லாம் கெடையாது. முழுசும், வட்டியோட." கடன் ஃபைலை அவள் பக்கம் திருப்பினார். "இது உங்க கையெழுத்துதான?"

ஜாமீன்தாரர் என்ற கட்டத்துக்குள் அவள் பெயர் அழகாக உட்கார்ந்திருந்தது.

கல்லூரி விடுதியில் ஒருத்தி வெளியே போக வேண்டுமானால் அறைத்தோழி பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடம் இருவரும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். நேரத்துக்குத் திரும்பாவிட்டால் வார்டனிடம் திட்டு, அவ்வளவுதான். தமிழ்ப்ரியாவுக்கு வேலை கிடைத்த புதிதில் அபிநயா அவளிடம் சம்பளச் சான்றும் ஒரு கையெழுத்தும் கேட்டாள். "ரூம்மேட் சைன்டி, வேற ஒண்ணுமில்ல" என்று சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினாள். கேள்வியை முழுதாகப் படித்துவிட்டு விடை எழுதுங்கள் என்று தினமும் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள், ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டாள்.

"சரி, நானே கட்டிட்டேன்னு வைங்க. எனக்கு இன்னா கெடைக்கும்?"

"அந்தப் பணத்த அவங்ககிட்ட வசூல் பண்ற உரிமை. தையல் மிஷினுங்க மேல எங்களுக்கு இருக்கிற உரிமையும் உங்களுக்கு வந்துடும்."

"மிஷின் எத்தினி இருக்குது அபி?"

"நாலு."

"பன்னெண்டு வாங்குனியே?"

"மீதியக் கட்டடத்துக்காரன் வாடகை பாக்கிக்குப் புடிச்சி வச்சிக்கினான்."

"நல்ல உரிமை சார். நாலு மிஷினையும் எங்க வெச்சிப்பேன், கூரையில்லாத வூட்லயா?"

கலையரசனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அப்பா செல்லனின் தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில், அவள் சம்பளத்தில் எழும்பிய சுவர் ஜன்னல் மட்டத்தோடு நின்றிருந்தது. இனி மிச்சமாவது எதுவோ அதில்தான் அது வளர வேண்டும்.

"ஒரு வழி இருக்கு" என்றார் அவர். "தவணைய அஞ்சு வருஷத்துக்கு நீட்டி, மாசத்துக்குக் கம்மி பண்ணலாம். ஆனா நீங்க திரும்பக் கையெழுத்துப் போடணும். உங்க சம்மதம் இல்லாம கடன மாத்துனா உங்க ஜாமீன் செல்லாமப் போயிடும். அதனால நீங்க போடாம மாத்த மாட்டோம்."

"போடலன்னா?"

"முழுசையும் கேட்டு கோர்ட்டுக்குப் போறதுதான். உத்தரவு வந்தா உங்க சம்பளத்துல புடிப்பாங்க."

மலைப்பாதை வளைவில் எதிரே பஸ் வந்தால் ஒன்று பின்வாங்கி வழிவிடும். பின்வாங்க இடமில்லாமல் தமிழ்ப்ரியாவுக்குப் பின்னாலும் ஒரு பஸ் நின்றது போலிருந்தது. போட்டால் ஐந்து வருடம், ஒவ்வொரு மாதமும், இன்னொருத்தி கட்டினாளா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். போடாவிட்டால் சுவர் அப்படியே மழையில் ஊறும்.

"பேசி முடிவு பண்ணுங்க" என்று படிவத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் மேனேஜர் அறைக்குப் போனார்.

"ஏமாத்தணும்னு கேக்கலடி அப்ப" என்றாள் அபிநயா.

"தெரியும். ஏமாத்தியிருந்தா ஒன்னத் திட்டிட்டாவது போவேன்."

அபிநயா மூடியைக் கழற்றிப் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தாள். அது மெல்ல உருண்டது, பிடித்து நிறுத்தினாள்.

"பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டர் ஒண்ணு பேசிக்கினு இருக்கேன், தமிழு. வந்துட்டா மாசாமாசம் கட்டிடுவேன். இந்த ஒரு தபா போட்டுடுடி..."