ஊதுபத்தி மணக்கும் கார்

“அந்த நாத்தம் புடிச்ச பஸ்ஸுல இவள ஏத்திக்கினு—”

“நாறட்டும்! பினாயில்தானே நாறுது, அதுல இன்னா—”

“பினாயில எதுக்கு ஊத்துறாங்க அண்ணி? அடியில ஒண்ணு கெடக்கப் போய்த்தானே ஊத்துறாங்க!”

“என் பொண்ணு அவ. எனக்குத் தெரியாதா?”

“எனக்கு மட்டும் யாராம்? ஞானஸ்நானத்துல கையில வாங்கினவ நானு!”

காலை ஏழு மணிக்குத் தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அண்ணி பவுலினாவும் நானும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தோம். நடுவில் அவள் மகள் ஆரோக்கியசெல்வி, எட்டு மாத வயிற்றோடு. இரண்டு காலும் வீங்கிப் பளபளத்தன. பொழுது சாய்வதற்குள் ஓசூர் ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

அறுபத்தெட்டாம் வருஷத்துக் கோடை அது. காலரா ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. கையில் கொஞ்சம் காசு உள்ளவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டார்கள். கூலிக்காரர்களும் கூடைக்காரிகளும்தான் அதில் ஏறினார்கள். மற்றவர்கள் எல்லாம் வெங்கடப்பனின் காருக்குக் காத்து நின்றார்கள். பெரிய நிலக்காரர் அவர். கல்யாணத்துக்கு மட்டும் கொட்டகையை விட்டு வெளியே வரும் கறுப்புக் காரை இப்போது சீட்டுக்கு இவ்வளவு என்று ஓடவிட்டிருந்தார். கதவைத் திறந்தால் மல்லிகையும் ஊதுபத்தியும் கோயில் மாதிரி மணக்கும்.

“வண்டி சுத்தமா இருக்கா முனிவேலு?” என்று டிரைவரைக் கேட்டேன்.

“நீங்களே மோந்து பாருங்கக்கா.”

மோந்து பார்த்தேன். அண்ணியை ஜெயித்துவிட்டேன். செல்வியைப் பின்சீட்டில் உட்காரவைத்து, நானும் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தேன்.

“அத்தே, இங்க ஈரமா இருக்கு.”

“கழுவி வுட்டிருப்பாங்கடி. தள்ளி உக்காரு.”

“கொழகொழன்னு இருக்கு அத்தே.”

சீட்டின் மேல் விரித்திருந்த துண்டைத் தூக்கினேன். சோறு வடித்த கஞ்சியை யாரோ கொட்டினாற்போல வெளுப்பாக, சீட்டின் தையல் நெடுக ஊறிக் கிடந்தது. அதன் மேல் ஈ. மல்லிகைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை எழுந்து வந்தது, மீன் கழுவிய தண்ணீர் போல. என் புடவையின் பின்பக்கம் தொடையோடு ஒட்டியது.

“டேய், இன்னாடா இது?”

“விடிகாலைல ஒரு நடை ஓசூரு போய்ட்டு வந்தேன். மணியக்காரரு மாமனாருக்கு ஒடம்பு சரியில்ல.”

“வாந்திபேதியா?”

“ஆமா.”

“அவர இதுலியா ஏத்தினே?”

“பின்ன எதுலக்கா ஏத்துவாங்க? பஸ்ஸுல ஒருத்தன் ஓக்காளம் வுட்டாலே கண்டக்டரு எறக்கி வுட்டுர்றான். அவுங்கள்லாம் எதுல போறது?”

“இந்த வாரத்துல எத்தினி பேரு?”

“நா எங்க எண்ணிக்கினு இருந்தேன்?”

பினாயில் வாடைக்குப் பயந்து நாங்கள் ஓடி வந்து ஏறியது, சுற்று வட்டாரத்து நோயாளி அத்தனை பேரும் படுத்துப் போன வண்டியில். அண்ணி கதவைத் திறந்து மகளை வெளியே இழுத்தாள். தொட்டித் தண்ணீரில் மூன்று பேரும் கையையும் புடவையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். எத்தனை தேய்த்தும் அந்தக் கொழகொழப்பு விரலிடுக்கில் இருந்துகொண்டே இருந்தது.

பஸ் புறப்படுகிற நேரம். செல்வி படியில் ஒரு கால் வைத்தாள், தன் விரலை மோந்து பார்த்தாள், குடம் கவிழ்ந்த மாதிரி படியிலேயே வாந்தி எடுத்தாள்.

“பேடா, பேடா! வேணாம், எறங்கும்மா கீழே!” கண்டக்டர் ராமப்பன் விசிலை ஊதினான்.

“புள்ளத்தாச்சிப்பா அவ! அந்தக் காரு நாத்தத்துல—”

“தெனம் பத்துப் பேரு இப்படித்தான் ஒண்ணு சொல்றாங்க.”

“வவுத்தப் பாருடா, கண்ணு தெரியலியா?”

“புள்ளத்தாச்சிக்கு காலரா வராதா? எறங்கு, எறங்கு!”

உள்ளே ஒரு கூடைக்காரி மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, “ஏ, கம்பில கைய வெக்காதே!” என்று கூவினாள். நேற்று வரை அவளைப் பார்த்து நான் மூக்கைப் பொத்தியவள். படியின் மேல் ஒரு வாளி பினாயிலை ஊற்றினார்கள். பாதி செல்வியின் வீங்கின காலில் விழுந்தது. பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ் பதினொரு மணிக்கு. ஸ்டாண்டில் நின்ற அத்தனை பேரும் பார்த்தாயிற்று; அதிலும் எங்களை ஏறவிடமாட்டார்கள். எங்களைச் சுற்றி நாலு பக்கமும் இடம் காலியானது. செல்வி வாயைத் துடைக்கக்கூடத் தெம்பில்லாமல் அம்மா தோளில் சாய்ந்தாள். அண்ணி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

முனிவேல் துண்டை உதறித் திருப்பிப் போட்டான். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஏறுங்கக்கா. எங்க வண்டில யாரையும் வேணாம்னு சொல்றதில்ல.”