நெட்டு இல்லாத இடத்துக்குப் போனவன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. இந்தக் கதையில் நான் காதால் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் கமலக்கண்ணன் என்பவர் செல்போன் கடை வைத்திருக்கிறார் (பெயரும் நான் வைத்ததுதான்). 'இடமில்லை, இடமில்லை' என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்த என் போனை அவரிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண். நைட்டிக்கு மேல் துண்டு, கையில் போன். அவள் எதையோ அழித்துவிட்டாள் போலிருக்கிறது. கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "அது ஒண்ணும் ஆவாதுக்கா, நெட்ட ஆன் பண்ணா தானா திரும்ப வந்துடும்" என்றார்.

"நெட்டு இல்லாத எடத்துல?" என்றாள் அவள்.

"நெட்டு இல்லாத எடத்துக்கு யாருக்கா போறா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, போய்விட்டாள். எனக்கோ மண்டைக்குள் வண்டு புகுந்துவிட்டது. பாண்டிச்சேரியில் நெட்டு இல்லாத இடம் எது? சந்து சந்தாக யோசித்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் மேற்கே பார்த்தபடியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிழக்கே திரும்பினால் எவ்வளவு பெரிய இடம் கிடக்கிறது!

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"மாசிப் பனி கடலின்மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போல—" வேண்டாம். பனி என்றதும் ஆளாளுக்கு ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

"தாமரைச்செல்வி காதலித்தபோது செம்மல் தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில்—" இங்கே ஆரம்பித்தால் கல்யாணத்துக்குப் போய்ச் சேரவே பத்துப் பக்கம் ஆகும்.

மூன்றாவது நிற்கிறது. இனி அதுதான் கதை.

மாசிமகத்துக்கு முந்தின நாள் தாமரைச்செல்வி அழுக்கு என்று கண்ணில் பட்ட எதையும் விட்டுவைக்கவில்லை. வைத்திக்குப்பத்தில் அது வழக்கம். மறுநாள் ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு அவர்கள் கடற்கரைக்குத்தான் வரும். யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். படகைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைப்பார்கள், வீட்டில் பாத்திரம் பண்டம் எல்லாம் வெளியே வந்து வெயில் காயும். புருஷன் செம்மல் கட்டிலில் போட்டுவிட்டுப் போயிருந்த போனும் அவள் கையில் சிக்கியது. சாமியை வீடியோ எடுக்கலாம் என்றால் அதில் இடமில்லை என்று முந்தின நாள்தான் அவன் அலுத்துக்கொண்டிருந்தான். சரி, இதையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாள்.

போனைச் சுத்தம் செய்வது எப்படி என்று ஒரு வீடியோ பார்த்தாள். ஒவ்வொரு செயலிக்கும் அமைப்புகளில் இரண்டு பொத்தான் இருக்கும், 'சேமிப்பகத்தை அழி' என்பதைத் தொடாதீர்கள், அது எல்லாவற்றையும் துடைத்துவிடும், 'தற்காலிகச் சேமிப்பை அழி' என்பதைத் தாராளமாக அழுத்தலாம், ஒன்றும் போகாது என்றது வீடியோ. அவள் கெட்டிக்காரி. சொன்னது சொன்னபடி செய்தாள். படம் பார்க்கிற செயலி, பாட்டு கேட்கிற செயலி, பேசுகிற செயலி, வரைபடச் செயலி எல்லாவற்றிலும் அழுத்தினாள். போன் மூச்சு விட்டது. அவன் மறுநாள் சாமியை ஆசை தீர வீடியோ எடுத்தான். புதுப்போன் மாதிரி ஓடுது என்று அவளைப் புகழ்ந்தான்.

(வீடியோக்காரரைக் குறை சொல்லவே முடியாது. அவர் சொன்னது சத்தியம். ஆனால் கரையில் இருப்பவர்களுக்குச் சொன்ன சத்தியம்.)

3

இப்போது செம்மலைப் பற்றி எனக்கொரு சந்தேகம். கடலுக்குப் போகிற ஆளுக்குப் போனில் வரைபடம் எதற்கு?

அவன் கடல் வீட்டுப் பிள்ளையே இல்லை. முத்தியால்பேட்டைக்காரன். அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவர். தாமரைச்செல்வியைக் கட்டிக்கொண்ட பிறகும் வாளி கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். அவளுடைய அப்பா காலமானதும் ஃபைபர் படகில் அவளுக்கும் ஒரு பங்கு வந்தது. நம் பங்குக்கு நீதான் போகவேண்டும் என்று அவனைக் கடலில் இறக்கிவிட்டவள் அவள்தான். அவளுடைய அண்ணன் முருகையன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரித்தான், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

செம்மலுக்குக் கடல் மனசில் ஏறவில்லை. கலங்கரை விளக்கம், பனைமரம், கோயில் கோபுரம் என்று கரையைப் பார்த்து இடம் சொல்ல முருகையனுக்கு ஒரு நொடி போதும். இவனுக்கு எல்லாம் ஒரே கோடாகத் தெரியும். ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தைத் திறந்து, கரையோரம் மொத்தத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கி விரலால் தள்ளிப் பார்த்தான். அதற்கப்புறம் நடுக்கடலிலும் படம் தெரிந்தது. ஏன் தெரிகிறது என்று அவன் கேட்கவில்லை. தெரிகிறதே, போதாதா? பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொள்வான். மீன் கணக்கு எழுதுகிறேன் என்று முருகையனிடம் சொல்லியிருந்தான். உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

முருகையன் ஒரு நாள் குறித்தான்.

"மகம் முடிஞ்சி மொத நாளு மாப்ளயே ஓட்டட்டும். போறது வர்றது எல்லாம் அவர் கையில. கரை எங்க வேணா வரும், நம்ம கரை வரணும். கொண்டாந்து சேத்துட்டாருன்னா அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா கம்பெனிக்கே போவட்டும்."

* மேற்கே போனால் கரை வராதா என்று ஒரு வாசகர் கேட்பார். வரும் ஐயா. சோலை நகர் வரும், வீராம்பட்டினம் வரும், நேரம் கெட்டால் காலாப்பட்டே வரும். அங்கே போய் இறங்கி, வைத்திக்குப்பத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்ட மீனவனுடைய கதையை மூன்று தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆக, உயிருக்கு ஆபத்தில்லை. முருகையன் கூட இருக்கிறான். ஆபத்து செம்மலின் மானத்துக்கு. அதில் பாதி தாமரைச்செல்வியுடையது.

4

மகத்துக்கு மறுநாள் விடிவதற்கு முன் அவர்கள் போய்விட்டார்கள். விடிந்தபோது பனி. கடல் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. படம் இருக்கிறது, பயமில்லை என்று தைரியமாகத்தான் இருந்தாள். தன் போனையும் சுத்தம் செய்யலாம் என்று எடுத்தவளுக்கு, அழித்ததெல்லாம் எங்கே போகிறது என்று திடீரென்று ஒரு கேள்வி எழுந்தது. இத்தனை இடம் காலியானது என்றால் அத்தனை எதுவோ இருந்திருக்க வேண்டுமே. அது என்ன?

(இந்த இடத்தில் அவளை நான் மிகவும் விரும்பிவிட்டேன். நாம் யாரும் இதைக் கேட்பதில்லை. குப்பை என்று பெயர் வைத்துவிட்டால் அதைக் கிளறிப் பார்க்கமாட்டோம்.)

கேள்வியோடு கமலக்கண்ணன் கடைக்குப் போனாள். அங்கே நடந்ததை முதல் பகுதியிலேயே கேட்டுவிட்டீர்கள். கமலக்கண்ணனை நல்லவராக்கலாமா, அவரே எல்லாவற்றையும் விளக்குகிற மாதிரி எழுதலாமா என்று பார்த்தேன். இரண்டு பத்தி பேசினார். கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன். தாமரைச்செல்வி தானே கண்டுபிடிக்கட்டும்.

மணிக்கூண்டு நிழலில் நின்று தன் போனில் வரைபடத்தைத் திறந்தாள். தெரு, கடை, கடற்கரை எல்லாம் இருந்தன. ஏரோப்ளேன் பொம்மையை அழுத்தி நெட்டை நிறுத்தினாள். அப்போதும் எல்லாம் இருந்தன. சரி. இப்போது அந்தத் தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டு மறுபடி திறந்தாள்.

ஒன்றுமில்லை. சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக ஒரு வெறுமை. நடுவில் நீலமாக ஒரு புள்ளி, அவள்தான். தெருவும் இல்லை, கடலும் இல்லை, அவள் மட்டும் இருந்தாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒருமுறை கேட்டு வாங்கியதை மறுபடி கேட்காமலிருக்கப் போன் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. கரையில் அது போனால் மறுபடி கேட்டுக்கொள்ளும். கடலில் யாரைக் கேட்கும்? பக்கத்தில் இருப்பது முருகையன். அவனிடம் கேட்பதைவிடச் செம்மல் கடலிலேயே குதித்துவிடுவான்.

தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

5

அழுதுகொண்டே—

இல்லை. அவள் அழவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். சாம்பல் கட்டங்களின்மேல் இன்னும் சில புள்ளிகள் இருந்தன. சிவப்பாக, கிழக்கே தள்ளி.

அந்த வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மெயில் ஐடி, ரேஷன் கார்டு மாதிரி. அதனால் அவன் தன் போனில் குறித்து வைத்த இடங்கள் அவள் போனிலும் விழும். இதுவரை அவள் திறந்து பார்த்ததில்லை. குறித்தவை படத்தைச் சேர்ந்தவை அல்ல, அவனே வைத்தவை. எனவே அழியவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டாள். 'வஞ்சிரம்.' 'கல்லு.' 'வலை கிழியும்.' 'மச்சான் திட்டுன எடம்.' அதைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதை அவன் சொல்லவே இல்லையே!

புள்ளியெல்லாம் கடலில்தான் இருந்தது. கரையில் ஒன்றுகூட இல்லை. வீட்டை யார் குறித்து வைப்பார்கள்?

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது குரல். கிடைத்திருந்தாலும் என்ன பேசுவது? பக்கத்திலிருந்து, யார் மாப்ள போன்ல என்று கேட்பான் அண்ணன். செய்தி அனுப்பினாலும் மணி அடிக்கும். சத்தம் போடாத எதாவது வேண்டும்.

விறுவிறுவென்று வைத்திக்குப்பத்துக்கு நடந்தாள், நேராகக் கடற்கரைக்கு. அவர்கள் படகை ஏற்றி வைக்கிற இடத்தில் போய் நின்றாள். ஏரோப்ளேன் பொம்மையை அணைத்தாள். தான் நிற்கிற இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஒரு புள்ளி வைத்தாள். பெயர் கேட்டது. 'வீடு' என்று எழுதி அழித்தாள். வீடு இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. 'இங்க' என்று எழுதிச் சேமித்தாள்.

கரையை நெருங்க நெருங்க எங்கேயோ ஓரிடத்தில் டவர் இலேசாக எட்டும். அந்த அரைகுறை டவரில் போட்டோ சுற்றிக்கொண்டே கிடக்கும், எழுத்து மட்டும் வந்துவிடும் என்பது அவள் தினமும் பார்க்கிறது. படம் கனம், புள்ளி லேசு. படத்துக்கு முன்னால் புள்ளி போய்விடும். வெறும் கட்டத்தில் அவனுடைய நீலப்புள்ளியும் அவளுடைய சிவப்புப்புள்ளியும் இருந்தால் போதும், படகை இதை நோக்கித் திருப்பிவிடலாம். யாரிடமும் கேட்க வேண்டாம்.

இனி அவள் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தாலும் புள்ளி நகராது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் நகரவில்லை.

6

முடிவு.

(அ) பனி விலகுகிறது. படகு அம்பு மாதிரி நேராக வருகிறது. முருகையன் குதித்து இறங்கி மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்கிறான். எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. முருகையன் யாரையும் கட்டிக்கொள்கிற ஆள் இல்லை.

(ஆ) படகு வீராம்பட்டினத்தில் போய் ஏறுகிறது. செம்மல் மறுவாரம் வாளி கம்பெனிக்கு— இதை முடிக்கவில்லை. இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு அவளுக்கு இதைச் செய்ய நான் என்ன கல்லா?

(இ) இதுதான் மிச்சம். வெயில் ஏறியும் பனி கலையவில்லை. போன படகுகளில் சில வந்துவிட்டன. அவர்கள் படகைப் பார்த்தீர்களா என்று அவள் ஒருவரையும் கேட்கவில்லை, கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரை அணையும், தட்டி எழுப்புவாள். மறுபடி அணையும். அப்படி ஒருதரம் எழுப்பியபோது புள்ளி இருந்தது, அதன் பெயர் வேறாக இருந்தது.

'இங்க' என்று அவள் எழுதியிருந்த இடத்தில் இப்போது 'தெரியுது' என்று இருந்தது.

அப்படியே மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். உட்கார்ந்த பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. என்ஜின் கைப்பிடி செம்மல் கையில் இருக்கும். பனியில் ஓட்டுகிறவன் கையை எடுக்கமாட்டான். அப்படியானால் அவன் போனில் இதைத் தட்டியது யாருடைய விரல்?

செம்மலுடையது என்றால் அவன் இரகசியம் பத்திரம். அவன் விரும்பியபடியே ஜெயித்துவிட்டான். முருகையனுடையது என்றால் எல்லாம் வெளியே வந்துவிட்டது. வெறும் திரை, மடியில் வைத்த படம், 'மச்சான் திட்டுன எடம்' உட்பட. அத்தனையும் பார்த்துவிட்டுத்தான் அவன் தங்கைக்கு அந்த ஒரு சொல்லை எழுதியிருக்கிறான்.

இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? அவளுக்குத் தெரியவில்லை. நான் நாலு நாளாக மாற்றி மாற்றி எழுதிப் பார்த்துவிட்டேன், எனக்கும் தெரியவில்லை.

பனிக்குள் ஓர் என்ஜின் சத்தம் கேட்கிறது. தாமரைச்செல்வி எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போகிறாள். நான் இங்கேயே நின்றுவிடுகிறேன். நீங்கள் அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள். படகு கரையில் ஒட்டியதும் அவள் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறாள் என்று கவனித்து வையுங்கள்.