எங்கள் குப்பை எங்கள் வார்டில்

எங்கள் வார்டில் யார் தேர்தலில் நின்றாலும் மேடையில் முதலில் பேசுகிறவன் நான்தான். "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்..." அதற்கு மேல் எனக்குக் கொள்கை எதுவும் கிடையாது. மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் கொள்கையெல்லாம் வைத்துக்கொண்டால் பிழைப்பு நாறிவிடும்.

இந்த முறை சிக்கல் என்னவென்றால், நிற்கிற மூன்று பேரில் ஒருத்தி என் அக்கா. மருந்துக்கடை வைத்திருக்கிறாள். ஊர் அவளை 'மருந்துக்கடையக்கா' என்று கூப்பிடும், என்னை 'மைக்செட்டு'. மற்ற இருவர் கட்டடக் காண்ட்ராக்டரும் டியூஷன் வாத்தியாரும். மூவருக்கும் சுற்றுச்சூழல்மேல் திடீர்ப் பாசம். காண்ட்ராக்டர் ஏரியைச் சுற்றிப் பளிங்குப் பாதையும் கலர் விளக்கும் போட்டு இயற்கையைக் காப்பாற்றப் போகிறார். அங்கே தங்கும் கொக்குகளுக்குத் தூக்க மாத்திரை யார் கொடுப்பது என்று நான் கேட்கவில்லை. அவரும் என் வாடிக்கையாளர். வாத்தியார் 'குப்பையே இல்லாத வார்டு' என்று முழங்கினார். குப்பை எங்கே போகும் என்றால், 'வெளியே' என்பார். வெளியே என்பது ஏதோ தனி நாடு மாதிரி.

அக்காவின் நோட்டீஸை அவள் கடையில் வைத்துத்தான் படித்தேன். முதல் வரியே இப்படி இருந்தது: 'நம் வார்டுக் குப்பையை நம் வார்டிலேயே பிரித்து உரமாக்குவோம். அதற்கு ஒரு கூடம் கட்டுவோம்.'

"அக்கா, ஜெயிக்கணும்னு ஆசை இருக்கா, இல்லையா?"

"இருக்குடா. நிறையவே இருக்கு."

"அப்புறம் எதுக்கு இது? மரம் நடுவோம்னு போடு. மரத்தை யாரு எதிர்க்கப் போறா?"

"நட்ட மரமெல்லாம் எங்கேன்னு கேட்பாங்க."

"கேட்க மாட்டாங்க. போட்டோ எடுத்ததும் கிளம்பிடுவாங்க."

அவள் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "நம்ம குப்பை ஏரிக்கு அந்தப் பக்கம் குவிஞ்சு எரியுது. அங்க இருக்கிறவங்க அடுத்த நகராட்சி. அவங்களுக்கு இங்க ஓட்டு இல்ல. இருமல் மருந்துக்கு மட்டும் இங்க வர்றாங்க."

"உனக்கு வியாபாரம்தானே?" என்றேன்.

காலாவதியான மாத்திரையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். "நில்லுடா. கூடம் எங்க வருதுன்னு உன்கிட்ட ஒரு விஷயம்..."

"வாத்தியார் வீட்டு மொட்டை மாடியில வை. அவர்கிட்டதான் குப்பையே கிடையாதே, இடம் காலியா இருக்கும்." என் ஜோக்குக்கு நானே சிரித்து, நானே கிளம்பினேன்.

பொதுக்கூட்டம் பள்ளிக்கூட ஹாலில். மூவரும் ஒரே மேடையில். நான் ஓரத்தில், ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால். மூன்றாவது வரிசையில் என் மனைவி. பளிங்குக்குக் கைதட்டினார்கள், வெளியே போகும் குப்பைக்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். அக்கா எழுந்து உரக்கூடம் என்றதும் ஹால் முணுமுணுத்தது.

"உரக்கூடம்னு நாசூக்கா சொல்றாங்க. குப்பைக் கிடங்குன்னு சொல்லுங்கம்மா!" என்றார் காண்ட்ராக்டர். "அவ்வளவு நல்ல விஷயம்னா உங்க தம்பி வீட்டுப் பின்னாடி வைங்களேன்!"

ஹால் அதிர்ந்தது. நானும்தான் சிரித்தேன். நல்ல ஜோக், யார் அடித்தால் என்ன?

"அங்கதான் வைக்கப் போறோம்," என்றாள் அக்கா. "தம்பி வீட்டுப் பின்னாடி நகராட்சியோட காலி மனை இருக்கு. வண்டி போக வழியும் இருக்கு."

என் சிரிப்பு பாதியில் நின்றது. வாயை மூட மறந்துவிட்டேன். என் மனைவி எழுந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், 'உங்களுக்குத் தெரியுமா?' என்கிற பார்வை. தலையை ஆட்டினேன், தெரியாது என்று. பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"அண்ணி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொல்ல வந்தேம்மா. உன் புருஷன் சொல்ல விட்டாத்தானே?"

யாரோ விசிலடித்தார்கள். பின்வரிசை கூச்சல் போட்டது. காண்ட்ராக்டர் என் பக்கம் திரும்பி, விரலால் குமிழைத் திருகுவதுபோல் ஜாடை காட்டினார்: மைக்கை அணை. என் கை ஏற்கெனவே குமிழ்மேல்தான் இருந்தது. ஒரு திருகு போதும். 'ஒயர் கோளாறு' என்றால் யாரும் நம்புவார்கள். என் ஒயர்கள் அப்படி.

அக்கா அதைப் பார்த்தாள். பேச வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதே ஆத்திரத்தோடு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன்.

"கோபமாடா?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்லாம பின்ன? கொன்னே போடுவேன். முதல்ல தண்ணியைக் குடி."

இரண்டும் ஹால் முழுக்கக் கேட்டன. மைக் அவள் கையில்தான் இருந்தது. தொழில் தெரிந்தவன் நான் ஒருத்தன், அதை மறந்தவனும் நான் ஒருத்தன். முன்வரிசை சிரித்தது, பின்வரிசையும் சிரித்தது. சிரித்த வாயால் உடனே கத்த முடியாதில்லையா, அந்தச் சின்ன அமைதியில் அக்கா பேசிவிட்டாள். ஏரிக்கு அந்தப் பக்கத்துப் புகையைப் பற்றி, அதை நாம்தான் மூட்டை கட்டி அனுப்புகிறோம் என்பதைப் பற்றி. கைதட்டல் வரவில்லை. கலைந்து போகும்போது ஜனங்கள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள், துக்க வீட்டில் தட்டுவதுபோல.

மறுநாள் அவள் மனதை மாற்றிவிட வேண்டும் என்று கடைக்குப் போனேன். அந்த வரியை எடுத்துவிடு, அத்தானும் அதைத்தான் சொல்கிறார், இன்னும் நேரம் இருக்கிறது. வசனமெல்லாம் தயார்.

கடையில் ஒரு அம்மா இன்ஹேலர் வாங்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. மூச்சு விடும்போதெல்லாம் அதன் நெஞ்சுக்குள் ஏதோ கீச்சென்றது. அந்த அம்மா கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸை நிதானமாகப் படித்தாள்.

"நீங்க வந்தா நல்லா இருக்கும்க்கா. ஆனா எனக்கு அந்தப் பக்கம் ஓட்டு."

"தெரியும்மா," என்றாள் அக்கா. "காலையிலயும் சாயந்திரமும் குடுங்க."

அவள் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். "வரியை எடுக்கச் சொல்லத்தானே வந்தே? உங்க அத்தானும் காலையில இருந்து அதான் சொல்றாரு. எடுத்துட்டா ஜெயிச்சிடுவேன்னு எனக்கும் தெரியுதுடா. ராவெல்லாம் யோசிச்சேன். சொல்லு, எடுத்துடவா?"

கேலியாகக் கேட்டிருந்தால் எடு என்றிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள்.

"தலைவலிக்கு ஒரு மாத்திரை குடு," என்றேன்.

ஓட்டுப்போட நானும் மனைவியும் சேர்ந்துதான் போனோம். யாருக்குப் போட்டேன் என்று நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு ரகசியங்களும் ஒரே ஸ்கூட்டரில் வீடு திரும்பின.

அக்கா ஜெயித்துவிட்டாள். ஊர் திருந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம். கூடம் கூடாது என்றவர்கள்தான் அதிகம். ஆனால் அவர்களில் பாதிப் பேர் காண்ட்ராக்டருக்கும் பாதிப் பேர் வாத்தியாருக்கும் குத்திவைக்க, இடுக்கு வழியாக அக்கா வெளியே வந்துவிட்டாள். மாலை போட வந்தவர்களிடமே அவள் சொன்னாள்: "எனக்குப் போடாதவங்கதான் ஜாஸ்தி. அது ஞாபகம் இருக்கட்டும்." இப்படி ஒரு வெற்றி உரைக்கு நான் இதுவரை மைக் வைத்ததில்லை.

கூடத்துக்கு அஸ்திவாரக் குழி தோண்ட ஆரம்பித்த வாரம், நான் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். படுக்கையறை ஜன்னல் அந்த மனையைப் பார்த்துத்தான் இருக்கிறது. அதை அடைத்துவிட்டு, எதிர்ச்சுவரில் வேறொன்று வைப்பதாகத் திட்டம். கலவை போட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா வந்துவிட்டாள்.

"என்னடா பண்றே?"

"காத்தை வேற பக்கம் திருப்பி விடுறேன்."

"ஒழுங்கா நடத்தினா நாத்தம் வராதுன்னு சொன்னேனே."

"ஒழுங்கா நடத்தினா. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மேஸ்திரி."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தாள்.

"அடைக்காதடா."

"ஏன்?"

"நீ அடைச்சிட்டா உனக்கே தெரியாது. மத்தவங்க கவுன்சிலர் ஆச்சேன்னு மரியாதைக்கு வாயை மூடிக்குவாங்க. அந்தப் பக்கத்து ஜனங்க எவ்வளவு காலமா இருமுறாங்க, நமக்கு எட்டுச்சா? நாத்தம் வந்தா அன்னைக்கே என் வாசல்ல நின்னு நீ கத்தணும். கூடப்பிறந்தவன்கிட்டத்தான் இதைக் கேட்க முடியும்."

"கத்துறதுக்கு அவரு எதுக்கு அண்ணி, நான் இல்லையா?" என்று சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல்.

"நீயும் வாம்மா. ரெண்டு பேருமா வாங்க."

மேஸ்திரிக்குப் பொறுமை போய்விட்டது. "கலவை இறுகுது சார். அடைக்கவா, வேணாமா?"

ஜன்னலருகே போய் நின்றேன். தோண்டிய குழியிலிருந்து ஈரமண் வாசனை வந்தது. இப்போதைக்கு அதுதான். கலவையை வீணாக்க வேண்டாமே என்று, பின்வாசல் படியில் பெயர்ந்துகிடந்த மூலையைப் பூசச் சொன்னேன்.