ஆறாவது மாடி, முன்பக்க அறை

"அந்த மெத்தையிலயா? என்னைக் கொன்னாலும் படுக்க மாட்டேன்."

மூன்று வருடங்களாகக் கணவருக்கு அவள் சொல்லிவந்த பதில் இதுதான். கேளிக்கைப் பூங்காவின் சொந்த ஓட்டலில், அடித்தளத்துச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. அங்கே வேலை பார்ப்பவர்கள் வருடத்துக்கு ஒரு நாள் குடும்பத்தோடு சும்மாவே தங்கிக்கொள்ளலாம். சூப்பர்வைசரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். அவள் எழுதிக் கொடுக்கவே இல்லை.

"ஊரு உலகமெல்லாம் வந்து தங்கிட்டுப் போவுது. உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"அவங்களுக்கு மேல இருக்கிற விரிப்பு மட்டும்தான் தெரியும். விரிப்பை நான் துவைக்கிறேன், மெத்தையை யாரு துவைக்கிறது?"

"நான் என்ன தூங்கவா கேக்குறேன்? கொஞ்ச நேரம் ஜன்னல்ல நிக்கணும், அவ்வளவுதான்."

அவர் எலக்ட்ரீஷியன். பூங்காவின் பெரிய ராட்டினத்துக்கு விளக்கு மாட்டிய கூட்டத்தில் ஒருவர். நடுவிலிருந்து விளிம்புவரை வெளிச்சம் சுழியாக விரிந்து ஓடும்படி ஒயர் இழுத்தது அவர் கைதான். ஒப்பந்தம் முடிந்து எல்லாரையும் வெளியே அனுப்பிய மறுநாள்தான் விளக்குப் போட்டார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பொட்டுப் பொட்டாகத்தான் தெரியும். சுழி தெரிய வேண்டுமானால் நேர் எதிரே, அதே உயரத்தில் நிற்க வேண்டும். அந்த உயரத்தில் இருந்தவை ஓட்டலின் ஆறாவது மாடி முன்பக்க அறைகள் மட்டுமே.

போன வருடம் அவருக்குக் கண்ணில் அழுத்தம் என்றார்கள். சொட்டு மருந்து ஆரம்பமாயிற்று.

"ஓரமெல்லாம் மங்குது. போறதுன்னா இப்பவே போயிடணும்," என்றார்.

"ஆறாவது மாடிக்குப் புது மெத்தை வரப்போவுதாம். வரட்டும். மொத ஆளா நாமதான் படுப்போம்."

"மெத்தை வர்றதுக்குள்ள என் கண்ணு போயிடப்போவுது, மெஷின்காரி."

சலவை மெஷினில் வேலை என்பதால் அவளுக்கு அவர் வைத்த பேர் அது. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளும் சிரித்தாள்.

மெத்தை வரப் பதினான்கு மாதம் பிடித்தது. அதற்குள் வீட்டில் அவர் சுவரைத் தடவி நடக்க ஆரம்பித்திருந்தார். கேட்டால், "வெளிச்சம் தெரியுது, வெளிச்சம் தெரியுது" என்பார். அவளும் நம்பினாள். மெத்தை இறங்கிய அன்றே, உறை பிரிக்காமல் கிடந்ததைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, முன்பக்கத்து 614ஆம் அறைக்குச் சீட்டெழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டாள்.

மறுநாள் டாக்டர் சின்ன விளக்கை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"தெரியுதா?"

"எந்தப் பக்கம் புடிச்சிருக்கீங்க?"

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இனிமே சொட்டு மருந்து விட வேணாம்மா."

வீடு வந்து சேர்ந்தார்கள். செருப்பைக் கழற்றும்போது அவள்தான் ஆரம்பித்தாள்.

"வெள்ளிக்கிழமைக்கு ரூம் சொல்லியாச்சு. போயிட்டு வந்துடுவோங்க."

"எதுக்கு?"

"பக்கத்துல நின்னு நான் சொல்றேன். எப்படி எரியுது, எப்படிச் சுத்துதுன்னு."

"நாலாவது கம்பியில ஒரு இணைப்பைச் சரியா முறுக்கினேனா இல்லையான்னு இத்தனை வருஷமா சந்தேகம். எரியாம ஒரு விளக்கு நின்னா உனக்குத் தெரியுமா? அதை நான் பாக்கணும். நீ சொல்லிக் கேக்குறதுக்கா ஆசைப்பட்டேன்?"

"மெத்தை புதுசுங்க. யாருமே படுக்கல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவர் கட்டில் விளிம்பைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"மெத்தை நம்ம வீட்டுலயும் இருக்குல்ல," என்றார்.

"என்னைத் திட்டவாவது செய்யுங்க."

"திட்டுனா உனக்கு லேசாயிடும். வேணாம்."

வியாழக்கிழமை சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னக்கா, இத்தனை வருஷத்துல மொத தடவை வாங்குனீங்க, அதையும் திருப்பித் தர்றீங்க? வேற யாருக்காவது குடுத்துடவா?" என்றாள் சூப்பர்வைசர்.

"குடுத்துடும்மா."

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆறாவது மாடி அழுக்குப் பைகள் இறங்கின. ஒவ்வொன்றிலும் அறை எண் கட்டியிருக்கும். 614ஐ அவளே பிரித்தாள். விரிப்பு அவ்வளவாகக் கசங்கவில்லை. கூடவே ஜன்னல் திரை ஒன்று. இடுப்புயரத்தில், சாக்லேட் அப்பிய சின்னக் கைகளின் தடம் வரிசையாக இருந்தது.

"பிள்ளைங்க ஜன்னலை விட்டு நகரவே இல்ல போலிருக்கு," என்றாள் கூட வேலை செய்பவள்.

அவள் கறையில் சோப்பைத் தேய்த்தாள்.

"போன மாசம் நீ குடும்பத்தோட மேல தங்குனியே, முன்பக்க ரூம்தானே?"

"ஆமாக்கா."

"ராட்டினத்துல எங்கயாவது ஒரு விளக்கு எரியாம இருந்துச்சா?"

"அதையெல்லாம் யாருக்கா பாத்தா?"

அவள் திரையைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் தேய்த்தாள்.